கந்தலைத் தைக்க ஒரு வகுப்பா?

வாசகி ஒருவர் கேட்டது, 2024 ஜூன் 1

அக்கா, கோவையிலிருந்து மும்பையை ஒட்டிய வாஷிக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வார நாட்களில் அலுவலகம். சனி, ஞாயிறு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றில் சேரப் போகிறேன் என்றேன். மாமியார், "கந்தலைத் தைக்க ஒரு வகுப்பா? இல்லாதவர்கள் செய்ததை இருப்பவர்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வேர்த்துக் கொட்டுகிற ஊரில் இந்தப் போர்வைக்கு என்ன வேலை என்றும் தெரியவில்லை. நீங்கள் தைப்பதாக முன்பு எழுதியிருந்தீர்களே, சொல்லுங்கள்.

ஜூன் 1, இரவு

மாமியார் சொன்னதில் முதல் பாதி உண்மை. இல்லாதவர்கள் செய்ததுதான். நான் தாராவியில் பிறந்தவள். அப்பா துணி வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். ஐந்து பேர் ஒரே அறையில் படுப்போம். அம்மா திருநெல்வேலியிலிருந்து வரும்போது பத்தமடைப் பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். முதல் மழைக்காலத்திலேயே தரையின் ஈரம் அதைத் தின்றுவிட்டது. பக்கத்து அறையில் இருந்த மராட்டிக்கார அம்மாள், பாயெல்லாம் இந்தத் தரைக்குத் தாங்காது என்று சொல்லி, பழைய நூல் சேலைகளை அடுக்கித் தைக்கக் கற்றுக்கொடுத்தார். அதன் பெயர் கோதடி. ஆகவே, வேர்க்கிற ஊரில் என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில்: இங்கே பலர் இதைப் போர்த்திக்கொள்வதில்லை, விரித்துப் படுக்கிறார்கள்.

இரண்டாம் பாதி வேறு கதை. அம்மா தேவைக்காகத் தைத்தாள். அழகு, ரசனை என்ற பேச்சே அந்த அறையில் கிடையாது. கையில் வந்த துணியைக் கைக்கு எட்டிய இடத்தில் வைத்தாள், அவ்வளவுதான். நான் செய்வது பொழுதுபோக்கு. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி மாமியாரோடு வாதாடாதீர்கள். தோற்றுவிடுவீர்கள்.

ஜூன் 3

முந்தாநாள் எழுதாமல் விட்டது. வகுப்புகளில் "குயில்ட்" என்று சொல்லித்தருவதும் கோதடியும் ஒன்றல்ல. குயில்ட்டுக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே முழுத் துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல்தான் குயில்டிங். கோதடியில் பஞ்சு கிடையாது. பழைய சேலைகளே மூன்று, நான்கு அடுக்காகக் கிடக்கும். தையல் ஒன்றே ஒன்று, நேராக ஓடுவது. மராட்டியில் அதற்கு "தாவ்தோரா" என்று பெயர், ஓடுகிற நூல். நாமும் ஓட்டுத்தையல் என்றுதான் சொல்கிறோம். இரண்டு மொழியிலும் நூல் ஓடத்தான் செய்கிறது. என்னுடையதுதான் சில நாள் நொண்டும்.

பஞ்சு விரிப்பை இணையத்தில் வாங்கினால் எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். பருத்தி என்று நம்பி மூன்று வாரம் இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தேன். வந்தது பாலியெஸ்டர். மே மாதம் அதைப் போர்த்திப் படுத்த என் கணவர் நடுராத்திரி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

ஜூன் 5

துணி எங்கே வாங்குவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். புதுத் துணி வேண்டுமென்றால் கிராஃபர்ட் மார்க்கெட்டை ஒட்டிய மங்கள்தாஸ் மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வராதீர்கள். பக்கத்தில் வேண்டுமென்றால் தாதர் ஹிந்த்மாதா. ஆனால் முதல் கோதடிக்குப் புதுத் துணி வாங்குகிறவரை நான் மதிக்க மாட்டேன். பட்டறைகளில் வெட்டுத்துணி கிலோக் கணக்கில் கிடைக்கிறது. அதற்கு இங்கே "சிந்தி" என்று பெயர்.

சின்ன வயதில் அப்பா, "இன்றைக்குச் சிந்தி மூட்டை வந்தது" என்று சொன்னால், சிந்து மாகாணத்து ஆள் ஒருவரை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு, மேசையிலிருந்து சிந்திய துணி என்பதால் சிந்தி என்று நானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன். மராட்டிச் சொல் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றம்.

மூட்டையில் கையை விடும்போது கவனம். ஊசி இருக்கும். நல்ல பருத்தித் துண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். செயற்கை இழை உருகி, முனையில் கெட்டி மணியாக நிற்கும். மணியைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். நான் தொட்டேன்.

ஜூன் 9

நேற்று சனிக்கிழமை என்பதால் எங்கள் கூட்டம். செம்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடிக்குக் கீழே ஒரு கூடம் இருக்கிறது. பிறந்தநாள் விழா இல்லாத சனிக்கிழமைகளில் எங்களுக்குத் தருகிறார்கள். ஆறு பேர்: நான், மூன்றாம் மாடி மராட்டி ஆஜி (பாட்டி), குஜராத்திக்காரர்கள் இருவர், பாலக்காட்டுப் பெண் ஒருவர், பி பிளாக்கில் இருக்கும் தஞ்சாவூர்க்கார மாமி.

நாங்கள் சீட்டு நடத்துகிறோம். பணச் சீட்டு அல்ல, கோதடிச் சீட்டு. ஆறு பேரும் சேர்ந்து ஒரே கோதடியைத் தைப்போம். முடிந்ததும் பெயரைக் குலுக்கிப் போட்டு, விழுந்தவருக்கு அது. அடுத்த கோதடியில் அவர் பெயர் குலுக்கலில் இருக்காது, ஆனால் தைக்க வர வேண்டும். ஒரு சுற்று முடிய ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஆஜிக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. மராட்டியில் "பிஷி" என்று இதே ஏற்பாடு பணத்துக்கு உண்டு.

ஏன் சேர்ந்து தைக்க வேண்டும் என்றால், பெரிய கோதடியைத் தனியாகத் தைப்பது தண்டனை. தரையில் சேலைகளை விரித்து, காற்றில் நகராமல் ஓரங்களில் செம்பு, டம்ளர், செருப்பு என்று எடை வைத்து, முதலில் கையகல இடைவெளியில் தற்காலிகத் தையல் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் இழுத்தால் எதிர்ப்பக்கம் சுருங்கும். நான்கு பக்கமும் ஆள் உட்கார்ந்தால்தான் துணி அடங்கும்.

உட்கார்ந்தால் பேச்சு வரும். இதில் ஒரு வசதி: எல்லோரும் குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மகன் பேசுவதில்லை என்பதையும், மருமகள் கடன் வாங்கியதையும், மார்பில் கட்டி என்று பயந்து ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்ததையும் அந்தக் கூடத்தில்தான் கேட்டிருக்கிறேன். கட்டி சாதாரணமானது என்று பிறகு தெரிந்தது. சொன்னவர் யார் என்று எழுத மாட்டேன். காபி குடிக்க நிமிர்ந்தவுடன் பேச்சு மழைக்கும் தண்ணீர் லாரிக்கும் போய்விடும்.

ஜூன் 12

கணக்கு. புதியவர்கள் எல்லோரும் விழுகிற குழி இது. ஐந்து அங்குலச் சதுரம் ஒன்பது வைத்தால் 45 அங்குல அகலம் வரும் என்று நினைக்கிறீர்கள். வராது. இரண்டு துண்டைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போகிறது. ஒவ்வொரு சதுரமும் நான்கரையாகிவிடும். ஆக, நாற்பதரை.

என் கணவர் வரைபடப் பிரிவில் 30 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊசியைத் தொட மாட்டார். ஆனால் வெட்டுவது அவர் பொறுப்பு. பீட்சா வெட்டுகிற சக்கரம் மாதிரி ஒரு கத்தி இருக்கிறதே, 1979-இல் ஜப்பானில் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது, அதை வாங்கித் தந்ததிலிருந்து மனிதர் திருந்திவிட்டார். இரும்பு அளவுகோலை அழுத்தி வைத்துக்கொண்டு ஆறு அடுக்கை ஒரே இழுப்பில் வெட்டுகிறார். வெட்டும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது.

ஜூன் 12, இன்னும் கொஞ்சம் பிந்தி

கணவர் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டு, "தவறு, 41" என்கிறார். ஒன்பது சதுரத்துக்கு நடுவில் தையல் எட்டுதான், எட்டு அரை நான்கு, 45-இல் நான்கு போனால் 41. இரண்டு ஓரங்களும் மடிப்புக்குள் போன பிறகுதான் நாற்பதரை. சரி. திருத்திக்கொள்ளுங்கள். இப்போது அவர் முகத்தில் தெரிகிற திருப்தியை உங்களுக்குக் காட்ட முடியாதது நல்லது.

ஜூன் 16

மதுரையிலிருந்து எழுதும் வாசகிக்கு: சுங்குடியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மெல்லிய துணி, ஊசி வழுக்கிக்கொண்டு போகும். சாயம் போகாமல் இருக்க ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். அம்மா காலத்துக் கைப்பக்குவம்.

ஜூன் 24

கல்லுப்பைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடுங்கள். தயவுசெய்து.

சிவப்புச் சுங்குடித் துண்டுகளை நானே உப்பில் ஊறவைத்து, காயவைத்து, கணவரின் பழைய எட்டு முழ வேட்டியோடு இணைத்துத் தைத்தேன். நேற்று முதல் சலவை. வேட்டி இப்போது பவளமல்லிக் காம்பின் நிறத்தில் இருக்கிறது. கோபத்தில் விசாரித்தேன். உப்பு சாயத் தொட்டியில் வேலை செய்யும், சாயத்தைப் பருத்திக்குள் தள்ள உதவும். சாயம் ஏற்றி முடித்துக் கடைக்கு வந்துவிட்ட துணியில் ஒட்டாமல் நிற்கிற சாயத்தை உப்பு கட்டிப்போடாது. அது போகும் வரை அலசுவதுதான் ஒரே வழி. சோதனை சுலபம்: ஈரத் துண்டை வெள்ளைத் துணியில் வைத்து மேலே அம்மிக்குழவியை ஏற்றி, காலையில் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் தைக்கலாம். குழவி இல்லாத வீடுகளில் தடித்த புத்தகம்.

அடுத்த தடவை யாராவது சாயம் போகிறதே என்று திட்டினால் சொல்வதற்கு ஒன்று வைத்திருக்கிறேன். நம் ஊர்க் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி 1960-களில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டபோது, "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். சலவைக்குச் சலவை நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து மங்குவதுதான் அதன் அழகாம். பிறகு அதையே துண்டுதுண்டாக வெட்டி ஒட்டுப்போட்டுச் சட்டையும் தைத்து அணிந்தார்கள். கணவரிடம் இதைச் சொன்னேன். வேட்டி திரும்பி வருமா என்று கேட்டார்.

ஜூன் 30

கையா, மெஷினா என்று இங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறீர்கள். துண்டுகளை இணைக்க மெஷின், அடுக்குகளைப் பிடிக்கக் கை. இது என் வழக்கம், வேதமல்ல. எங்கள் பழைய உஷா மெஷின் மூன்று நூல் சேலைகளை அசராமல் கடிக்கும், நான்காவதில் முனகும்.

கைத்தையல் எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும்? புத்தகங்களில் அங்குலத்துக்கு இத்தனை என்று எழுதியிருப்பார்கள். எனக்கு ஒரே அளவுகோல் மெட்டி. ராத்திரி காலை நீட்டும்போது மெட்டி தையலில் மாட்டினால் தையல் நீளம் என்று அர்த்தம். மாட்டி இழுத்தால் நூல் அறுந்து ஒரு வரிசையே போய்விடும்.

இதைச் சொல்லும்போது ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். போன கோதடியில் ஒருவர் போட்ட தையல் சாமானியமாக இல்லை, அரிசி நெல்லாகி, நெல் நெற்கதிராகி நின்றது. கோதடி ராத்திரி என் வீட்டில்தான் இருந்தது. ஏழு வரிசையைப் பிரித்து நானே திரும்பத் தைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது.

ஜூலை 7

மனது சரியில்லை, எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். சீட்டில் முதல் கோதடி தஞ்சாவூர் மாமிக்கு விழுந்தது. அன்றிலிருந்து ஆளைக் காணவில்லை. நான்கு சனிக்கிழமை. முழங்கால் வலி என்று ஒரு தடவை, விருந்தாளி என்று ஒரு தடவை, பிறகு காரணமும் கிடையாது. முதல் சீட்டை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டுகிற ஆளை ஊரில் என்ன சொல்வோம்? அதைத்தான் குஜராத்திக்காரர் இருவரும் அவர்கள் மொழியில் சொன்னார்கள். மொழி தெரியாவிட்டாலும் புரிந்தது. ஆஜி மட்டும் ஒன்றும் சொல்லாமல் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 8

கீழே ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அக்கா, நீங்கள் ராத்திரி பிரித்த ஏழு வரிசை யாருடையது?"

மாமியுடையதுதான்.

ஜூலை 14

அந்தப் பேச்சை இப்போது எடுக்கவில்லை. வேறு எழுதுகிறேன்.

வடக்குக் கர்நாடகத்தில் கௌதி, வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, சிந்துப் பக்கம் ரல்லி என்று இந்தக் குடும்பம் பெரியது. காந்தா என்பதும் நம் கந்தையும் உறவு. வங்காளத்தில் பழைய சேலையின் கரையிலிருந்து வண்ண நூலை உருவி அதே சேலையில் தைப்பார்கள். நூலுக்குக்கூடக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றதோடு நாம் நிறுத்திக்கொண்டோம். அவர்கள் அதில் மீனும் தாமரையும் வரைந்தார்கள்.

உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹலியாள், முண்டகோடு பக்கத்துக் காடுகளில் சித்திகள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்கள் தைப்பது கவந்தி. மூலையில் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். அளவுகோல் கிடையாது. முடித்த பிறகு நான்கு மூலையிலும் சின்னத் துணிகளை முக்கோணமாக மடித்து அடுக்கி, பூ என்று வைப்பார்கள். பூ இல்லாவிட்டால் கவந்தி அம்மணமாக இருக்கிறதாம். போர்த்துகிறவருக்கு அந்தப் பூவால் காசளவு சூடுகூடக் கிடைக்காது. ஆனாலும் வைக்கிறார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர். கறுப்பினப் பெண்கள், வயலுக்குப் போட்டுக் கிழிந்த கால்சட்டைகளிலும் சட்டைகளிலும் குளிருக்காகத் தைத்தவை. 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் அவற்றைச் சுவரில் மாட்டினார்கள், பிறகு நியூயார்க் விட்னியில். 2006-இல் அஞ்சல்தலையும் வந்தது. படங்களை உற்றுப் பாருங்கள். முழங்கால் இருந்த இடம் வெளுக்காமல் அடர்நீலமாக நிற்கிறது, ஒட்டு பிரிந்த தடம். அதை மறைக்காமல், நட்ட நடுவில், வேண்டுமென்றே வைத்ததுபோல் வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 15

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஜூன் 1 அன்று நான் எழுதியதோடு இது இடிக்கிறது. அவர்களும் தேவைக்குத்தான் தைத்தார்கள். அவர்களுக்கு ரசனை உண்டு என்று ஒத்துக்கொள்கிறவள், அம்மாவுக்கு மட்டும் இல்லை என்று எப்படிச் சொன்னேன்? பழக்கதோஷம். அம்மா செய்ததில் எதையும் தேர்ந்தெடுத்துச் செய்ததாக நினைத்ததில்லை. சாம்பாரைக்கூட.

ஜூலை 26

இந்தத் தேதி வந்தால் மும்பைக்காரர்களுக்குக் கால் தானாகத் தரையைப் பார்க்கும். 2005-இல் இதே நாள். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. நாங்கள் அப்போது குர்லாவில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மித்தி ஆறு வீட்டுக்குள் வந்தது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த அம்மாவின் கோதடி இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. நனைந்த கோதடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஆள் கனம். நானும் கணவரும் மாடிவீட்டுப் பையன்கள் இருவரும் நான்கு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்கினோம். வந்த தண்ணீர் காபித்தூள் நிறம். டெட்டால் போட்டு நான்கு முறை அலசி, வெயில் வராததால் மாடிப்படிக் கைப்பிடியில் பதினோரு நாள் தொங்கியது. படியேறியவர்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எல்லோர் வீட்டுப் படுக்கையும் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது.

தூக்கிப் போட்டுவிடு என்று அம்மாவே சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு மூலை நைந்திருக்கிறது. நாளை கூட்டத்துக்கு எடுத்துப்போக வேண்டும்.

ஜூலை 28

ஆஜிக்கு வலது கண்ணில் புரை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கட்டைவிரலால்தான் துணி பார்ப்பார். அம்மாவின் கோதடியில் நான்கு மூலையிலும் கருநீலச் சதுரம் ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், என்றைக்கும் யோசித்ததில்லை. ஆஜி நான்கையும் தடவிவிட்டு, நைந்த மூலையில் விரலை நிறுத்தி, மராட்டியில் சொன்னார்: "இது அந்த வீட்டுத் துணி இல்லை. மற்ற மூன்றும் அக்கா தங்கை. இது பக்கத்து வீட்டுப் பெண்."

எனக்கு நான்கும் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 4

நைந்த மூலையைப் பிளேடால் பிரித்தேன். ஆஜி சொன்னது சரி. மூன்று மூலை பாப்ளின், அப்பாவின் பட்டறைச் சிந்தி. நான்காவது தடித்த துணி. அதுவும் முழுத் துண்டு இல்லை, இரண்டு விரல் அகலத்தில் பட்டைகளை ஒட்டிச் சேர்த்தது. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு மடிப்புக் கோடு. அந்தக் கோட்டை ஒட்டி வரிசையாக ஊசித் துளைகள். ஒரு துளையில் அரக்கு நூல் அரை அங்குலம் இன்னும் மாட்டியிருந்தது.

அரக்கு நூலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது என் பள்ளிச் சீருடைப் பாவாடை. வளர்கிற பிள்ளைக்கு அடியில் இரண்டு, மூன்று மடிப்பு வைத்துத் தைப்பார்கள் அல்லவா, ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிட. நீல நூல் தீர்ந்துபோய் அம்மா அரக்கு நூலால் மடிப்பைத் தைத்திருந்தாள். வெளியே தெரிகிறது என்று நான் அழுதேன். பாவாடைக்கு எந்த நூலாக இருந்தால் என்ன என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஏழாம் வகுப்பில் பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறி, ஆசிரியை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். மடிப்பைப் பிரித்துவிடச் சொன்னபோது, துணி சலவையில் சுருங்கிவிட்டது, பிரிக்க ஒன்றுமில்லை என்றாள் அம்மா. 44 ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ராத்திரியே திருநெல்வேலிக்குப் போன் போட்டேன். தம்பி வீட்டில் இருக்கிறாள், 82 வயது. எடுத்த எடுப்பில் கேட்டேன், என் பாவாடையை வெட்டினாயா என்று. சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மூன்று மூலை நீலம், ஒரு மூலை பச்சை என்றால் பார்க்க நன்றாகவா இருக்கும்?" என்றாள்.

அடுத்த வார்த்தை, தம்பிக்கு இருமல் என்பது.

ஆகஸ்ட் 5

கேள்வி கேட்ட வாஷி வாசகிக்கு: ஜூன் 1 அன்று நான் எழுதிய இரண்டாம் பாதியை அடித்துவிடுங்கள். மாமியாரிடம் வாதாடலாம். இந்தப் பாவாடைக் கதையைச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஜீஸ் பெண்ட் அஞ்சல்தலையைக் காட்டுங்கள்.

கேட்ட மற்றொருவருக்கு: இல்லை, அந்த மூலையைத் திரும்ப மூடிவிட்டேன். அதே பட்டைகளை வைத்து. நூல் மட்டும் என்னுடையது, அரக்கு.

ஆகஸ்ட் 11

தஞ்சாவூர் மாமி வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க எனக்குக் கிடைத்த காரணங்களை எண்ணினால் அவர் சொன்ன காரணங்களைவிட அதிகம்.

உள்ளே கட்டிலில் அந்தக் கோதடி விரித்திருந்தது. உட்கார வைத்தார், காபி கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன் கோதடியின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். என் ஏழு வரிசை. நான் ராத்திரி வெளிச்சத்தில் வெள்ளை என்று நினைத்து எடுத்தது சந்தன நிற நூல். பகலில் பார்த்தால் ஏழு வரிசையும் வயலில் போன மாட்டு வண்டித் தடம் மாதிரி தனியாகத் தெரிகிறது. முதல் நாளே பார்த்திருக்கிறார். "என் கை இப்படித்தான் போகும். சின்னதாகப் போட்டால் கண் வலிக்கிறது. ஆனால் அந்த ஏழு வரிசை தைத்தபோதுதான் உங்களிடம் என் பெரிய பெண்ணைப் பற்றிச் சொன்னேன்" என்றார்.

அது எனக்கு நினைவிருந்தது. எந்த வரிசை என்பதுதான் தெரியாமல் இருந்தது.

மன்னிப்பு கேட்டேன். நாசூக்காக அல்ல, நேராக. சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 18

வந்தார். என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், ஒவ்வொரு தையலும் கட்டைவிரல் நீளத்துக்குப் போட்டார். குஜராத்திக்காரர்கள் தொண்டையைச் செருமினார்கள். நான் என் வரிசையைப் பார்த்துக்கொண்டேன். ஆஜி அந்த இடத்தைத் தடவிவிட்டு, நடுநடுவே ஒரு சின்னத் தையல் போட்டால் நிற்கும் என்றார். மாமி போட்டார். நிற்கிறது. பார்க்கக்கூட ஒரு தினுசாக நன்றாகவே இருக்கிறது, சொன்னால் தலைக்கேறும் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20

வாஷி வாசகி எழுதியிருக்கிறார், வகுப்பு வேண்டாம், எங்கள் கூட்டத்துக்கே வரலாமா என்று. வாருங்கள். ஹார்பர் லைனில் வாஷியிலிருந்து செம்பூருக்கு நேர் வண்டி. சனிக்கிழமை மூன்று மணி. பழைய நூல் சேலை இரண்டு, முனை கூரான கத்தரிக்கோல், விரலில் மாட்டிக்கொள்ள இரும்புத் தொப்பி கொண்டுவந்தால் போதும். ஊசி, நூல், காபி எங்களுடையது. இந்தச் சீட்டு பாதியில் இருப்பதால் குலுக்கலில் உங்கள் பெயர் அடுத்த சுற்றில்தான்.

தையல் நீளமாக விழுந்தாலும் கவலை வேண்டாம். யாரும் பிரிக்க மாட்டோம். கோதடி இப்போது ராத்திரியில் ஆஜி வீட்டில் இருக்கிறது.